உம்மாவின் குடி

முதுமாணிப் படிப்புக்கு அனுமதி கிடைத்த செய்தியை எங்கள் பாடசாலை அதிபரிடம் சொன்னபோது, "என்ன பாடம் சேர்?" என்று கேட்டார். "பூகோள வரலாறு" என்றேன். "பூகோளமா, வரலாறா? ஒன்றைச் சொல்லுங்க" என்றார். பழைய எஸ்.எஸ்.சி. காலத்து ஆசிரியர்களிடம் படித்தவர் அவர். அவருக்குப் பூகோளம் என்றால் மலையும் ஆறும் மழைவீழ்ச்சியும்தான். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அன்று எனக்கும் அதற்கு மேல் தெளிவு இருக்கவில்லை. உலக வரலாறு என்றால் ஆசிரியர் கலாசாலையில் விரிவுரையாளர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட குறிப்புகள்: மறுமலர்ச்சி, கைத்தொழிற் புரட்சி, பிரெஞ்சுப் புரட்சி. ஐரோப்பாவில் ஏதேனும் நடக்கும். பின்னர் அது கப்பலேறி எங்களிடம் வரும். 1505இல் போர்த்துக்கேயர் வந்ததோடு இலங்கையும் உலகத்துக்குள் நுழைந்துவிடும். இருபது வருடங்கள் அதையே நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டம் பெற்றுப் பல வருடங்கள் கழிந்த பிறகு, 2021இன் கடைசியில், பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைக்கல்விப் பிரிவில் சேர்ந்தேன். வகுப்பு இணையத்தில். அங்கே மாலை ஆறு மணியென்றால் எங்கள் ஊரில் இரவு பதினொன்றரை. அவர்களின் கோடைகாலத்தில் பத்தரை. பிள்ளைகள் உறங்கிய பிறகு குசினிக்குப் பக்கத்து அறையில் மடிகணினியை வைத்துக்கொண்டு உட்காருவேன். திரையில் நைஜீரியாவிலிருந்து ஒருவர், கனடாவிலிருந்து ஓய்வுபெற்ற தாதி ஒருவர், மலேசியாவிலிருந்து ஓர் இளம்பெண். நடுவில் கிழக்கிலங்கையின் ஒரு நெல் வயற்கிராமத்திலிருந்து நான்.

தொலைவிலிருந்து படிப்பது எங்கள் நாட்டுக்குப் புதிதன்று. லண்டன் பல்கலைக்கழகம் 1858இல் தன் பரீட்சைகளை எங்கிருந்து படிப்பவருக்கும் திறந்துவிட்டது. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிய பிறகும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, அங்கு படித்தோர் எழுதியது லண்டன் வெளிவாரிப் பரீட்சையைத்தான். பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 1969இல் சாசனம் பெற்றது, எங்களுடையது 1980இல் வந்தது. ஆனால் தொலைக்கல்வி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது இவை எதுவுமில்லை, பெர்னான் பிரோடல்தான். மத்தியதரைக் கடலைப் பற்றிய அவருடைய பெருநூலை வரலாற்று மாணவர் அறிவர். 1940இல் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகப் பிடிபட்டு, ஐந்து வருடங்கள் மைன்ஸிலும் லூபெக்கிலும் முகாம்களில் இருந்த மனிதர், தன் குறிப்புகள் எதுவும் கையில் இல்லாமல் அந்நூலின் வரைவை எழுதினார். எழுதியது பாடசாலை அப்பியாசக் கொப்பிகளில். அந்தக் கொப்பிகள் லூசியன் பெவ்ருக்குத் தபாலில் போய்ச் சேர்ந்தன. நூல் 1949இல் வெளியானது. எங்கள் வீட்டில் மின்சாரமும் இணையமும் இல்லாத இரவுகளில் அந்தக் கொப்பிகளை நினைத்துக்கொள்வேன்.

அப்படியான இரவுகள் நிறைய வந்தன. 2022 மார்ச் மாதம் முடியும்போது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. ரூபா சரிந்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 270 ரூபாவாக இருந்த ஒரு பவுண், மே மாதத்தில் 450 அளவில் நின்றது. இரண்டாம் தவணைக் கட்டணத்தை நான் இன்னும் கட்டியிருக்கவில்லை. கட்டுவதற்கு எங்களிடம் இருந்தது, மகளுக்கு வீடு கட்டவென்று சேர்த்த காசு மட்டுந்தான்.

கிழக்கிலங்கைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குத் திருமணம் பேசுமுன் வீடு வேண்டும். வாப்பாவும் சகோதரர்களும் அதைக் கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். நானும் அப்படி வந்தவன்தான். இன்றுவரை மனைவியின் வீட்டில் வாழ்கிறேன். மகளுக்கு ஒரு துண்டு வளவு எழுதி, அத்திவாரமும் போட்டிருந்தோம். கல்லுக்கும் சீமெந்துக்கும் வைத்திருந்த காசு பவுண்களாகி லண்டன் பக்கம் போயிற்று. மனைவி சண்டை பிடிக்கவில்லை. "படிக்கத் தொடங்கினத முடிங்க" என்று மட்டும் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு நாளும் வாசலைக் கூட்டும்போது அந்த அத்திவாரத்தையும் சேர்த்துக் கூட்டினாள்.

பூகோள வரலாறு என்ற துறை என்ன சொல்கிறது? நாடுகளின் வரலாறுகளை அடுக்கி வைத்தால் உலக வரலாறாகிவிடும் என்ற பழைய எண்ணத்தை அது ஏற்பதில்லை. நாடுகளுக்கிடையே ஓடுகின்ற பண்டம், நூல், நோய், மனிதர், சட்டம் ஆகியவற்றின் வழியைப் பிடித்துக்கொண்டு போகிறது. கே. என். சௌத்ரி 1985இல் இந்து சமுத்திரம் முழுவதையும் ஒரே வரலாற்றுப் பரப்பாக எழுதினார். ஜனெட் அபூ லுகொத் 1989இல், 1250க்கும் 1350க்கும் இடையில் ஐரோப்பியத் தலைமை எதுவுமின்றி, எட்டு வட்டங்கள் ஒன்றோடொன்று கோத்த ஓர் உலக வாணிபம் இயங்கியதைக் காட்டினார். 1505இல் நாங்கள் உலகத்துக்குள் நுழையவில்லை, ஏற்கெனவே அதற்குள்தான் இருந்தோம் என்பது எனக்கு அந்த வாசிப்பில் கிடைத்த முதல் இலாபம். லொரன்சோ த அல்மேதாவைப் புயல் தற்செயலாக இங்கு ஒதுக்கியது என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி வரும். அவர் எதைத் துரத்திக்கொண்டு வந்தார்? மலபார்க் கரையில் போர்த்துக்கேயக் காவலுக்குத் தப்பி, மாலைதீவு வழியாகப் போகத் தொடங்கியிருந்த முஸ்லிம் வணிகரின் கப்பல்களை. அந்தத் 'தற்செயலுக்கு' முன்னால் ஒரு கடல்வழியே இருந்தது. அதைச் சொல்லாமல் புயலை மட்டும் இருபது வருடங்கள் கற்பித்திருக்கிறேன்.

ஆனால் இந்தத் துறையில் குறை இல்லாமலில்லை. சமுத்திரத்தைப் பார்ப்பவர்களுக்குத் துறைமுகம் தெரியும். அதற்குப் பின்னால் உள்ள வயல் தெரியாது. இலங்கை அவர்களின் படங்களில் ஒரு புள்ளி. கிழக்குக் கரை பெரும்பாலும் அந்தப் புள்ளிக்குள்ளும் இல்லை. அத்தோடு, ஆங்கிலத்தில் எழுதப்பட்டதே உலகம் என்ற ஒரு மனப்பான்மையும் உண்டு. தமிழில் உள்ள ஒன்றை மேற்கோளாகக் காட்டினால், 'மொழிபெயர்ப்பு உண்டா?' என்றுதான் முதலில் கேட்பார்கள். இதற்கு விதிவிலக்காக நான் வாசித்தது ரோனித் ரிச்சியின் 2011ஆம் ஆண்டு நூல். எங்கள் 'ஆயிரம் மசலா' 1572இல் தமிழில் எழுந்தது. அதே வினா விடைகளின் ஜாவானிய, மலாய் வடிவங்களோடு அதனை வைத்துப் பார்த்து, அறபு மொழி தொட்ட ஒரு பெரும் இலக்கிய உலகத்தை அவர் காட்டுகிறார். முஸ்லிம் தமிழிலக்கியம் தமிழிலக்கியத்தின் ஓர் ஓரச் சரிகை என்று நினைப்பவர்கள் அதை வாசிக்க வேண்டும்.

இனி என் முதல் கட்டுரைக்கு வருகிறேன். விரும்பிய தலைப்பில் எழுதலாம் என்றார்கள். 'இலங்கை முஸ்லிம்களின் அராபியப் பூர்வீகம்' என்று எழுதினேன். எட்டாம் நூற்றாண்டு, ஹாஷிம் குலத்தவர், வணிகக் கப்பல்கள், பேருவளை என்று நமது மீலாத் விழா மலர்களில் வரும் எல்லாம் அதில் இருந்தன. திருத்திய விரிவுரையாளர் அதிகம் எழுதவில்லை. விளிம்பில் மூன்று கேள்விகள்: கப்பலில் வந்தவர்கள் யாருடைய வீட்டில் தங்கினார்கள்? பிள்ளைகள் எந்த மொழியில் தாலாட்டப்பட்டார்கள்? இக்கட்டுரையில் ஏன் ஒரு பெண்ணும் இல்லை?

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் வந்தது. எங்கள் பூர்வீகம் பற்றிய கேள்வி எங்களுக்கு வெறும் கல்வி விடயமன்று. 2019 ஏப்ரலுக்குப் பின்னர் 'நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?' என்ற கேள்வியை இந்த நாட்டில் எந்தக் குரலில் கேட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். அது விடை தேடும் கேள்வியன்று. திரும்பிப் போகும்படி சொல்வதற்கான முன்னுரை. அந்தக் கேள்விக்கு, தூரத்து மண்ணொன்றின் பெருமையைக் காட்டிப் பதில் சொல்லுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அப்போது நான் யோசித்ததில்லை.

கோபம் ஆறிய பின் பழைய வழக்கை எடுத்துப் படித்தேன். சட்டநிரூபண சபையில் தமிழ்ப் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன், 1888இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில், சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் இஸ்லாமியர் என்று வாதிட்டார். முஸ்லிம்களுக்குச் சபையில் தனி ஆசனம் பற்றிப் பேசப்பட்ட காலம் அது. அடுத்த வருடம், 1889இல், எம். சி. அப்துல் ரகுமான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் இராமநாதனுக்கு விரிவான மறுப்பு எழுதி, அராபியப் பூர்வீகத்தை நிலைநாட்ட முயன்றார். அந்த மறுப்பின் அரசியல் நியாயத்தை நான் இன்றும் ஏற்கிறேன். எங்களை எங்கள் பெயரில் பேசவிடாத ஒருவருக்குக் கொடுத்த பதில் அது. ஆயினும் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தபோது, விரிவுரையாளரின் மூன்றாவது கேள்வி மீண்டும் எழுந்தது. வழக்கு ஆண்களின் வருகையைப் பற்றியது. பெண்கள் அதன் ஓரத்திலேயே நிற்கிறார்கள்.

எங்கள் ஊரிலோ விடயம் தலைகீழ். என் மூத்தம்மா யாரையேனும் புதிதாகக் கண்டால் "மகன், நீங்க என்ன குடி?" என்றுதான் கேட்பார். குடி உம்மாவிடமிருந்து வருவது. வாப்பாவின் குடி எனக்கில்லை. ஒரே குடிக்குள் மணம் முடிப்பதில்லை. பள்ளிவாசலில் மரைக்காயர்மார் குடிக்கு ஒருவராக இருந்தார்கள். எங்கள் அயலில் வாழும் தமிழ் மக்களிடமும் இதே குடிமுறை உண்டு. அவர்களின் கோயில்களிலும் குடி உரிமை உண்டு. மட்டக்களப்பு முக்குவரின் பெண்வழிச் சட்டத்தைப் பிரிட்டோ 1876இலேயே அச்சில் கொண்டுவந்தார். திமிலரோடு நடந்த சண்டையில் முஸ்லிம்கள் முக்குவருக்கு உதவினார்கள், அதற்கு ஈடாகப் பெண் கொடுத்தார்கள் என்ற கதை இரு பக்கத்தாரிடமும் உண்டு. கதை கதையாக இருக்கட்டும்; ஆனால் 'யார் வீட்டில் தங்கினார்கள்?' என்ற கேள்விக்கு எங்கள் முன்னோர் வெட்கப்படாமல் சொல்லிவந்த விடை அதில் இருக்கிறது. அக்கரைப்பற்றில் 1969இலிருந்து ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். நாம் வாழ்ந்துகொண்டிருப்பதை அவர் எழுதி நான் ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் பூகோள வரலாறு எனக்கு உதவியது. குடிமுறை எங்கள் கிராமத்து விநோதம் என்று எண்ணியிருந்தேன். பல்கலைக்கழகத்தின் மின்நூலகத்தில் தேடத் தேட, அது சமுத்திரத்தைச் சுற்றி நிற்பது தெரிந்தது. வட மலபாரின் மாப்பிள்ளைமாரிடம் தாய்வழித் தறவாடு. காயல்பட்டினத்தில் மணமகன் பெண் வீட்டுக்கு வருகிறார். சுமாத்திராவில் மினாங்கபாவ் மக்களிடம் பெரிய வீடு பெண்களுக்குரியது. ஆண்கள் ஊரைவிட்டுப் போய் உழைத்துவிட்டு வருபவர்கள். ஆபிரிக்கக் கரையோரம் கொமொரோஸ் தீவுக்கூட்டத்தின் பெரிய தீவில், மகளுக்கு வாப்பா வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். அதற்காக மார்செய் நகரத்தில் வேலை செய்து காசு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இதை வாசித்த இரவு மடிகணினியை மூடிவிட்டு வெளியே வந்து அத்திவாரத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். எண்பதுகளிலிருந்து எங்கள் ஊர் இளைஞர்கள் சவூதிக்கும் கட்டாருக்கும் போனதும் தங்கச்சிமாரின் வீட்டுக்காகத்தானே.

இவர்கள் எல்லோரும் முஸ்லிம்கள். எல்லோரும் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். சட்ட நூல் ஒன்று, கடல் ஒன்று, வீட்டு முறையும் ஏறக்குறைய ஒன்று. ஏன்? நான் என் ஆய்வேட்டில் சொன்ன விடை எளிமையானது, முற்றாக என்னுடையதுமன்று. பருவக்காற்றுக்குக் காத்திருக்கும் வணிகன் மாதக்கணக்கில் ஓரிடத்தில் தங்கவேண்டும். அவனுக்கு வீடில்லை, பெண்ணுக்கு இருக்கிறது. இப்னு பதூதாவின் சாட்சி இதற்கு மிக நல்லது. 1343இலும் 1344இலும் மாலைதீவில் காழியாக இருந்து, அங்கே பல தடவை மணமும் முடித்தவர் அவர். அத்தீவுப் பெண்கள் ஒருபோதும் தம் நாட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்றும், கப்பல் புறப்படும்போது வந்தவர்கள் மணவிலக்குச் செய்துவிட்டுப் போவார்கள் என்றும் சொல்கிறார். அங்கிருந்துதான் 1344இல் புத்தளத்தில் வந்திறங்கினார். பாவா ஆதம் மலைக்கு அவர் ஏறிய கதையை நமது மேடைகளில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். அதற்குச் சில பக்கங்கள் முன்னால் இருக்கும் மாலைதீவுப் பெண்களை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. பெண் நகரவில்லை, ஆண் நகர்ந்தான். நகராதவளிடமே வீடும் காணியும் மொழியும் பிள்ளையும் நின்றன. மலபார், மாப்பிள்ளை என்ற சொல்லையே ஒரு சமுதாயத்தின் பெயராக வைத்திருக்கிறது.

இது காற்றால் மட்டும் விளக்கிவிடக்கூடிய விடயமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கரையில் வந்தவர் பலர் வணிகத்துக்கு வரவில்லை. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது பதிவான செய்தி. அகதிகளாக வந்து வயல் செய்தவர்கள் அவர்கள். ஏற்கெனவே அங்கிருந்த பெண்வழி முறைக்குள் அவர்களும் கரைந்திருக்க வேண்டும்.

மார்க்கச் சட்டம் இதை எப்படிப் பொறுத்துக்கொண்டது என்பதுதான் ஆய்வின் கடினமான பகுதி. வாசகர்களில் மதரசாவில் ஓதியவர்கள் 'பத்ஹுல் முஈன்' என்ற கிதாபை அறிவார்கள். அதை எழுதிய மலபார் அறிஞர் செய்னுத்தீன் மக்தூம், பதினாறாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எழுதிய 'துஹ்பத்துல் முஜாஹிதீன்' என்ற வரலாற்று நூலில், கண்ணூர்ப் பக்கத்து முஸ்லிம்கள் பலர் தாய்வழி வாரிசுரிமையைப் பின்பற்றுவதைக் குறிப்பிடுகிறார். குறைபட்டுக்கொண்டுதான் குறிப்பிடுகிறார். ஷாபிஈ சட்டத்தைச் சமுத்திரம் முழுவதும் கற்பித்த ஒருவரின் வாசலிலேயே அந்தப் பழக்கம் நின்றிருக்கிறது. சுமாத்திராவில் இது நூலோடு நிற்கவில்லை. பத்ரி இயக்கத்தவர் வழமைக்கு எதிராக எழுந்தார்கள். ஒல்லாந்தர் புகுந்து 1821 முதல் 1837 வரை அது போராக நடந்தது. முடிவில் மினாங்கபாவ் மக்கள் கண்ட சமரசம், பரம்பரைச் சொத்து தாய்வழி, உழைத்த சொத்து ஷரீஆ வழி என்பது.

எங்கள் ஊரில் போரும் இல்லை, பிரகடனமும் இல்லை. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் ஷரீஆப்படி பங்கு சொல்கிறது. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. ஆனால் வாப்பா மௌத்தாகும்போது பங்கு வைக்க என்ன மிச்சம்? வீடும் நல்ல வயலும் அவர் ஹயாத்தோடு இருக்கும்போதே நன்கொடையாக மகள்மாரின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். சட்டமும் மீறப்படவில்லை, குடியும் உடையவில்லை. எந்த ஆலிமும் திட்டமிட்டுச் செய்யாத இந்த நுட்பத்தை என்னவென்று சொல்வது? என் மேற்பார்வையாளர் 'இரு சட்ட ஒழுங்குகளின் இணக்கம்' என்று திருத்தினார். மனைவியின் உம்மாவிடம், எங்கள் மாமியிடம் கேட்டேன். "பொம்புளப் புள்ள நடுத்தெருவுல நிக்கக்கூடாது மகன், அதுக்குத்தான்" என்றார்.

இந்த முறையை நான் புகழ்ந்து பாடுவதாக எவரும் கொள்ளக்கூடாது. சீதனக் கொடுமையைப் பற்றி நமது எழுத்தாளர்கள் எழுதிய கதைகள் பொய்யல்ல. வீடில்லாததால் முப்பது வயது கடந்தும் மணம் பேசப்படாத பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பெண்ணின் உரிமையாக இருந்த வீடு, மாப்பிள்ளை கேட்கும் விலையாக மாறியது எப்போது என்பது தனியாக ஆராய வேண்டியது. என் ஆய்வேட்டில் அதற்கு ஒரு பந்தி மட்டுமே ஒதுக்கியிருந்தேன். அது போதாது என்று பரீட்சகர் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி.

ஆய்வேட்டை 2023இல் ஒப்படைத்தேன். ஒருநாள் பத்தாம் வகுப்பில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பின் வாங்கில் இருந்த பையன் எழுந்து, "அப்ப சேர், நாம அறபிகளா இல்லையா?" என்று கேட்டான். "உன்ட உம்மாட உம்மாட உம்மா எங்க இருந்த?" என்று கேட்டேன். "இஞ்சதான் சேர்." "அவட உம்மா?" "அவவும் இஞ்சதான்." "அதையும் சேர்த்து எழுது" என்றேன். 'இதைப் பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்குமா?' என்று முன் வாங்குப் பிள்ளை கேட்டது. கிடைக்காது என்றே சொல்லவேண்டியிருந்தது.

பட்டச் சான்றிதழ் தூதஞ்சலில் வந்தது. தடித்த உறை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று நினைத்தேன். மனைவி அதை வாங்கிப் பார்த்தாள். என் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு அலுமாரியின் அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்து, மகளின் வளவு உறுதிக்கு மேல் அதை வைத்து மூடினாள். "நீங்க உலகத்துப் பொம்புளைகள்ட ஊடெல்லாம் படிச்சி முடிச்சிட்டீங்க. இனி நம்மட புள்ளைட ஊட்டப் பாருங்க" என்றாள்.

சுவர் இப்போது யன்னல் மட்டத்துக்கு வந்திருக்கிறது. கதவு நிலை வைக்க, வருகிற வெள்ளி ஜும்ஆ முடிந்து மேசன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.